பெயர் யார் கையில்?

2025 ஆம் ஆண்டு ஏப்ரில் மாத இறுதியிலே கணினி உலகில் ஒரு பிணக்கு மூண்டது. நீதிமன்ற வாயிலை மிதிக்காமலே சில நாட்களுள் அது தீர்ந்தும் போயிற்று. எனினும், பொதுவுக்கென்று ஒருமுறை கொடுத்த பொருளைக் கொடுத்தவரே திருப்பிக் கேட்கலாமா என்னும் பழைய வினாவைப் புதியதொரு களத்திலே அது எழுப்பிவிட்டது. கணினித் தொழிலோடு தொடர்பற்றோரும் அறிந்திருக்க வேண்டிய விடயம் என்று கருதுவதாலேயே அதனை இங்கு ஆராய முற்படுகிறேன்.

பிணக்குக்கு உள்ளான மென்பொருளின் பெயர் நாட்ஸ். கணினிகளுக்கிடையே செய்தி கொண்டு செல்லும் தபாற்சேவை என்று அதனைக் கூறலாம். அதனைப் பெரும்பாலும் ஆக்கிப் பேணிவருவது சினேடியா என்னும் அமெரிக்கக் கொம்பனி. 2018 ஆம் ஆண்டில் அம்மென்பொருள், லினக்ஸ் மன்றத்தின் கீழ் இயங்கும் கிளவுட் நேட்டிவ் கொம்பியூட்டிங் மன்றத்திடம் ஒப்படைக்கப்பட்டது. எந்தவொரு கொம்பனிக்கும் சொந்தமாகாத நடுநிலையான இடத்தில் இருந்தால் எல்லோரும் நம்பிப் பயன்படுத்துவர் என்பதே இத்தகைய ஒப்படைப்புகளின் நோக்கம். ஏழு ஆண்டுகளின் பின் கொம்பனி அதனைத் திருப்பிக் கேட்டது. இணைய முகவரியும் நிரற் களஞ்சியமும் தன்னிடம் வரவேண்டும் என்றது. இனிவரும் பதிப்புகளை வணிகக் கட்டுப்பாடுகள் கொண்ட வேறோர் உரிமத்தின் கீழ் வெளியிடவும் எண்ணியது. மன்றம் மறுத்தது. அப்போதுதான் ஓர் உண்மை பலருக்கும் தெரியவந்தது. மென்பொருள் மன்றத்திடம் வந்து ஏழு ஆண்டுகள் கடந்தும், நாட்ஸ் என்ற பெயரின் வர்த்தகக் குறிப் பதிவு கொம்பனியிடமே இருந்தது. மே மாதம் 1 ஆம் திகதி உடன்பாடு அறிவிக்கப்பட்டது. வர்த்தகக் குறியை லினக்ஸ் மன்றத்துக்குக் கைமாற்றக் கொம்பனி இசைந்தது; இணைய முகவரியும் களஞ்சியமும் மன்றத்தின் வசமே நின்றன; கொம்பனி தனக்கென ஒரு பதிப்பை ஆக்க விரும்பின் வேறு பெயரில் ஆக்கலாம் என்றாயிற்று.

இதன் தாற்பரியத்தை உணர வேண்டுமாயின், திறந்த மூல மென்பொருள் என்றால் என்னவென்பதைச் சற்று நோக்க வேண்டும். பரம்பரை வைத்தியர் சிலர் தம் ஏட்டை எவருக்கும் காட்டார். நோயாளிக்கு மருந்து கிடைக்கும், செய்முறை கிடையாது. கடையில் விற்கப்படும் மென்பொருளும் பெரும்பாலும் இத்தகையதே. திறந்த மூல மென்பொருளிலோ ஏடே ஊருக்குப் பொதுவாகிறது. மூலநிரலை எவரும் வாசிக்கலாம், படியெடுக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். இன்று உலகெங்கும் வங்கிகளும் வைத்தியசாலைகளும் அரச திணைக்களங்களும் தமது நாளாந்தப் பணிகளுக்கு இத்தகைய மென்பொருள்களில் பெரிதும் தங்கியிருக்கின்றன.

ஏடு பொதுவாகிவிட்டால் உடைமை பற்றிய கேள்விக்கு இடமேது என்று வாசகர் வினவலாம். இடமுண்டு. நிரலைப் படியெடுக்கலாமேயன்றி அதன் பெயரைப் படியெடுத்தல் இயலாது. பெயர், வர்த்தகக் குறியாகப் பதிவு பெற்றது. மக்களின் நம்பிக்கையும் அப்பெயரோடுதான் ஒட்டிக்கொள்கிறது. களஞ்சியத்தின் திறவுகோலும் அவ்வாறே. யாருடைய திருத்தத்தை ஏற்பது, யாருடையதைத் தள்ளுவது என்பதைத் திறவுகோலை உடையவரே தீர்மானிப்பார். அடுத்த பதிப்பு எந்த உரிமத்தின் கீழ் வெளிவரும் என்று முடிவு செய்யும் வாக்கு மூன்றாவது. இவற்றையெல்லாம் நடத்தும் பணம் நான்காவது. இந்நான்கும் ஒரே கையில் இருக்கும்வரை, ஏடு பொதுவாயிருப்பது அக்கையின் தயவினாலேயாம்.

அத்தயவு மாறும்போது நேர்வது என்ன என்பதை அண்மைக் காலத்து நிகழ்ச்சிகள் இரண்டு காட்டின. ஹஷிகோப் என்னும் கொம்பனி 2014 இல் வெளியிட்ட டெராபோம், பெருங்கணினிக் கூடங்களை ஒழுங்குபடுத்தும் கருவியாகும். ஒன்பது ஆண்டுகள் திறந்த உரிமத்தின் கீழ் வழங்கிவந்த அதனை, 2023 ஆகஸ்ட் 10 ஆம் திகதி அக்கொம்பனி வேறோர் உரிமத்துக்கு மாற்றி, தன்னோடு போட்டியிடுவோர் பயன்படுத்தலாகாது என வரம்பிட்டது. பயன்படுத்தி வந்தோர் பழைய நிரலிலிருந்து கிளை பிரித்தனர். அக்கிளை அடுத்த மாதமே ஓப்பின்டோபு என்ற பெயரோடு லினக்ஸ் மன்றத்தைச் சேர்ந்தது.

தரவுகளைக் கணினியின் நினைவகத்தில் வைத்து விரைந்து வழங்கும் ரெடிஸின் கதை இன்னும் படிப்பினை மிக்கது. இத்தாலியரான சல்வத்தோரே சான்பிலிப்போ 2009 இல் தொடங்கியது அது. 2020 இல் அவர் பொறுப்பிலிருந்து விலகியபின், வெளிக் கொம்பனிகளைச் சேர்ந்தோரும் அடங்கிய குழுவொன்று அதனைப் பேணியது. பார்வைக்கு நிர்வாகம் பொதுவாகிவிட்டது போலவே தோன்றிற்று. ஆயினும் பெயர் ரெடிஸ் கொம்பனியிடம் இருந்தது. உரிமத்தை மாற்றும் அதிகாரமும் அதனிடமே இருந்தது. 2024 மார்ச் 20 ஆம் திகதி கொம்பனி உரிமத்தை மாற்றியபோது அக்குழுவினால் தடுக்க இயலவில்லை. எட்டு நாட்களின் பின் வால்கி என்ற கிளை லினக்ஸ் மன்றத்திலே தோன்றியது. அமேசன், கூகிள், ஒரக்கிள் முதலிய கொம்பனிகள் அதற்குத் துணைநின்றன. 2025 மே மாதத்தில் ரெடிஸ் மீண்டும் திறந்த உரிமம் ஒன்றைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் பிரிந்த கிளை அதற்குள் தன் வேரை ஊன்றிவிட்டது.

கொடுக்கத்தான் வேண்டும் என்றால், எப்போது கொடுப்பது என்பதும் முக்கியமே. ஓப்பின் ஒபிஸ் என்னும் அலுவலக மென்பொருளின் வரலாறு இதற்குத் தக்க சான்று. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கொம்பனி 2000 ஆம் ஆண்டில் அதன் மூலநிரலைத் திறந்துவிட்டது. சுதந்திரமான மன்றத்திடம் ஒப்படைப்பது மட்டும் தள்ளிக்கொண்டே போயிற்று. 2010 ஜனவரியில் ஒரக்கிள் கொம்பனி சன்னை வாங்கிக்கொண்டது. அவ்வாண்டு செப்டெம்பர் 28 ஆம் திகதி தன்னார்வலர் பலர் ஆவண மன்றம் என்ற அமைப்பைத் தொடங்கி, பெயரைத் தந்து தம்மோடு சேருமாறு ஒரக்கிளை அழைத்தனர். அது நிகழவில்லை. எனவே லிப்ரே ஒபிஸ் என்ற புதுப் பெயரோடு புறப்பட்டனர். ஜெர்மானியச் சட்டப்படி மன்றத்தை நிறுவ வேண்டிய 50,000 யூரோவை 2011 இல் பொதுமக்களிடம் கேட்டபோது எட்டு நாட்களில் அது சேர்ந்தது. 2012 இல் மன்றம் பெர்லினில் முறைப்படி பதிவாயிற்று. இதற்கிடையே 2011 ஜூனில் ஒரக்கிள் பழைய பெயரையும் நிரலையும் அப்பாச்சி மென்பொருள் மன்றத்துக்கு வழங்கியது. ஆனால் ஆக்குவோர் பெரும்பாலும் போய்விட்டனர். 2016 ஆம் ஆண்டளவில், அதனை மூடிவிடலாமா என்று பேணுவோரே தம்முள் ஆராயும் நிலை வந்தது. ஊரறிந்த பெயர் ஒரு வீட்டிலும் உழைக்கும் கைகள் மறு வீட்டிலுமாகப் பிரிந்தன. இன்று தமிழிலும் சிங்களத்திலும் இடைமுகம் கொண்டு இயங்கும் லிப்ரே ஒபிஸ், கைகள் சென்ற வீட்டின் ஆக்கமாகும்.

காலத்தே கொடுத்தமைக்கு உதாரணம் கூகிளின் குபர்நெட்டீஸ். 2014 இல் வெளிவந்த அது, 2015 ஜூலையில் முதலாவது முழுப் பதிப்பாக வெளியான வேளையிலேயே மேற்சொன்ன கிளவுட் நேட்டிவ் மன்றத்துக்கு உரித்தாகும் என்று அறிவிக்கப்பட்டது. அம்மன்றத்தின் தோற்றமும் அதனோடு சேர்ந்தே அறிவிக்கப்பட்டது. இதனைத் தருமசிந்தை என்று மட்டும் கொள்வது பேதைமை. முகிற் கணினி வியாபாரத்தில் அமேசனுக்குப் பின்தங்கி நின்ற கூகிள், போட்டியாளரும் அஞ்சாது வந்து சேரக்கூடிய பொது இடம் அமைந்தால் தனக்கும் ஆதாயம் என்று கண்டிருத்தல் வேண்டும். அவ்வாறே 2017 இல் அமேசனும் அம்மன்றத்தின் அங்கத்துவம் பெற்றது. எனினும் அங்கும் ஒப்படைப்பு ஒரே நாளில் முடிந்துவிடவில்லை. மென்பொருளைச் சோதித்து வழங்கும் கணினிகள் கூகிளின் வசமே இருந்தன. 2018 ஆகஸ்டில்தான், 90 இலட்சம் டொலர் பெறுமதியான கணினிச் சேவையை நன்கொடையாக அளித்து, அவற்றின் நிர்வாகத்தைக் கைமாற்றத் தொடங்கியது. மென்பொருளைத் தர முன்வந்தவர்கள் திறவுகோலைத் தரத் தொடங்க மூன்று ஆண்டுகள் சென்றன.

கொம்பனிகளின் பக்கத்து நியாயத்தையும் எடுத்துரையாவிடின் இவ்வாராய்ச்சி ஒருதலைப்பட்சமாகும். சம்பளம் கொடுத்துப் பொறியியலாளரை வைத்து மென்பொருளை ஆக்குவது ஒரு சிறு கொம்பனி. அதனை இலவசமாக எடுத்து வாடிக்கையாளருக்கு வாடகைக்கு விட்டுப் பெரும்பொருள் ஈட்டுவது முகிற் கணினி முதலாளி. இம்முறைப்பாட்டில் உண்மை உண்டு. மன்றம் பெயரைக் காக்குமேயன்றிப் பேணுவோரின் அடுப்பில் உலை வைக்காது. கோவிலைப் பொதுவாக்கிவிட்டுப் பூசகருக்குப் படியளக்க மறந்த ஊரவர் போன்று, மென்பொருளை மன்றத்திடம் சேர்த்துவிட்டோம் என்று பயன்படுத்துவோர் நிம்மதியாக உறங்கிவிடுகின்றனர். ஆயினும் இக்குறை, கொடுக்குமுன் பேசித் தீர்க்க வேண்டியதொன்று என்பதே என் கருத்து. பொதுச்சொத்து என்ற வாக்குறுதியை நம்பியே பிறர் தம் உழைப்பை ஊதியமின்றி அதிலே சேர்த்தனர். தம் தொழிலையும் அதன்மீது கட்டினர். கொடுத்தவர் பிற்பாடு மனம் மாறும்போது திரும்பிச் செல்வது அவருடைய பங்கு மாத்திரமன்று.

இனி, நடுநிலை என்ற சொல்லையே சற்று உரசிப் பார்ப்போம். 1976 ஆகஸ்டில் அணிசேரா நாடுகளின் உச்சிமாநாட்டைக் கொழும்பிலே கண்ட நமக்கு அச்சொல் புதியதன்று. அறிவிப்பது ஒன்று, கடைப்பிடிப்பது வேறொன்று என்பதையும் நாம் அறிவோம். 1999 இல் அமைந்த அப்பாச்சி மென்பொருள் மன்றம் தனிமனிதரையே அங்கத்தவராகக் கொள்கிறது. கொம்பனிகள் பணம் உதவலாம், அப்பணத்தால் வாக்குப் பெற இயலாது. லினக்ஸ் மன்றமோ அமெரிக்கச் சட்டப்படி ஒரு வர்த்தகச் சங்கம். உயர்ந்த சந்தா செலுத்தும் கொம்பனிகளுக்கு அதன் பணிப்பாளர் சபையில் ஆசனம் கிடைக்கிறது. இரண்டும் நடுநிலை என்றே அழைக்கப்படினும் இரண்டின் அமைப்பும் வேறு.

அன்றியும், கொம்பனிகளுக்கிடையே நடுநிலையான இடம் நாடுகளுக்கிடையேயும் நடுநிலையாகிவிடாது. 2024 ஒக்டோபரில் லினக்ஸ் கருநிரலைப் பேணுவோர் பட்டியலிலிருந்து ரஷ்யர் பன்னிருவர் அளவினரின் பெயர்கள் நீக்கப்பட்டன. பொருளாதாரத் தடைச் சட்டங்களுக்கு இணங்க வேண்டியிருந்தமையே அதற்குக் கூறப்பட்ட காரணம். அவர்களுடைய நிரலில் குற்றம் கண்டதனால் அன்று. இத்தகைய கவலைகளை முன்னுணர்ந்தே, கணினிச் சில்லுகளுக்கான பொதுக் கட்டளைத் தொகுதியைப் பேணும் ரிஸ்க்-பைவ் மன்றம் 2020 இல் தன் பதிவை அமெரிக்காவிலிருந்து சுவிற்சர்லாந்துக்கு மாற்றிக்கொண்டது. சிறிய நாட்டிலிருந்து நோக்கும் நாம், மன்றத்தில் எந்தக் கொம்பனி இருக்கிறது என்பதோடு, அம்மன்றம் எந்த நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது என்றும் கேட்கவேண்டியவர்களாயிருக்கிறோம்.

இவ்விடயத்திலே நம் நாட்டுக்கும் ஓர் அனுபவம் உண்டு. 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை கரையோரத்தை அழித்தபோது, காணாமற் போனோரைப் பதியவும் முகாம்களின் தேவைகளை அறியவும் இலங்கைக் கணினி வல்லுநர் தன்னார்வமாகக் கூடிச் சஹன என்னும் மென்பொருளை ஆக்கினர். நிவாரணம் என்பது அச்சிங்களச் சொல்லின் பொருள். லங்கா சொப்ட்வெயார் மன்றம் அதற்கு இடமளித்தது. 2005 இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும், 2006 இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவின்போதும் அம்மென்பொருள் கடல் கடந்து சென்று உதவியது. 2006 ஆம் ஆண்டுக்கான சமூக நன்மை விருதைக் கட்டற்ற மென்பொருள் மன்றம் அதற்கு வழங்கியது. 2009 இல் அதன் நிர்வாகம், கலிபோர்னியாவில் இலாப நோக்கின்றிப் பதிவான சஹன மென்பொருள் மன்றத்துக்கு மாற்றப்பட்டது. அடுத்த ஆண்டே ஹெயிட்டி நிலநடுக்கத்தில் அது பணியாற்றியது.

நம் மண்ணிற் பிறந்த ஆக்கத்தின் பதிவு அந்நிய நாடு சென்றதே என்று வருந்துவோர் இருக்கலாம். அவ்வருத்தத்தை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். ஆனால் காணாமற் போனோரின் பட்டியலை யார் வைத்திருக்கிறார், அப்பட்டியலை ஆக்கும் கருவி யாருடையது என்பன எத்துணை நுண்ணிய விடயங்கள் என்று இந்நாட்டவருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஒரு நாட்டின் அரசாங்கமும், அதனை நம்பாத மக்களும், வெளியிலிருந்து வரும் உதவியாளரும் ஒருங்கே ஏற்கும் கருவி, ஒரு நாட்டுக்கோ ஒரு கொம்பனிக்கோ உரியதாயிருத்தல் அரிது. சஹனவைப் பெற்றவர்கள் அதனை இறுகப் பற்றாது கொடுத்தமை விவேகமான செயல் என்றே கருதுகிறேன்.

நம் திணைக்களங்களும் பல்கலைக்கழகங்களும் நூலகங்களும் இத்தகைய மென்பொருளைத் தெரிவு செய்யும்போது, விலையில்லை என்பதோடு விசாரணையை முடித்துவிடலாகாது. பெயர் யாருடைய பதிவில் உள்ளது, திறவுகோல் எத்தனை பேரிடம் இருக்கிறது, உரிமத்தை மாற்றும் வாக்கு யாருக்கு உண்டு, பேணுவோருக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது, எந்த நாட்டுச் சட்டம் ஆள்கிறது என்று கேட்டறிதல் வேண்டும். தமிழுக்கு எழுத்துருவும் அகராதியும் பிழைதிருத்தியும் ஆக்கித் தரும் தன்னார்வலரிடமும் இதனையே கேட்டுக்கொள்வேன். கொடுக்க எண்ணுவோர், தம் கையில் அதிகாரம் முழுமையாக இருக்கும்போதே, இன்னது கொடுத்தோம் என்று ஒவ்வொன்றாக எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்துவிட வேண்டும். நாட்ஸ் என்ற பெயரின் பதிவு 2018 இலேயே கைமாறியிருந்தால், 2025 இல் அதனைப் பற்றி வாதிட ஒருவருக்கும் இடம் இருந்திராது.