ஒரு காலைப் பொழுதின் மேல் பழியா?

(மூன்றாமாண்டு இளங்கலை வரலாறு பயிலும் மாணவன்)

மாணவர் விடுதிகளில் தீர்ப்பு வழங்கப்படாத பொருள் என்று உலகில் எதுவும் இல்லை. அரசியல், திரைப்படம், விடுதிச் சாம்பார் என்று எல்லாவற்றுக்கும் அங்கே வழக்கு உண்டு, வாதம் உண்டு, இரவு பத்து மணிக்குள் தீர்ப்பும் உண்டு. ஆனால் ஒரே ஒரு வழக்கு மட்டும் ஆண்டுகள் கடந்தும் திரும்பத் திரும்ப விசாரணைக்கு வருகிறது. 2024ஆம் ஆண்டு மார்ச் மாதம் மும்பையில் நடந்த ரஞ்சிக் கோப்பை அரையிறுதியில், டாஸ் வென்ற தமிழ்நாட்டு அணித்தலைவர் சாய் கிஷோர் முதலில் மட்டை பிடிக்கத் தீர்மானித்தது சரியா, தவறா என்பதே அந்த வழக்கு.

தவறு என்றே பெரும்பாலானவர்கள் தீர்ப்பளித்துவிட்டார்கள். அந்தப் பருவம் முழுவதையும் அந்த ஒரு காலைப் பொழுதில் கட்டித் தூக்கி மூலையில் எறிந்தும்விட்டார்கள். தமிழ்நாட்டு அணியைச் சிறு வயதிலிருந்து பின்தொடர்ந்து வருகிறவன் என்ற ஒரே தகுதியோடு, அந்தத் தீர்ப்பின் மீது இந்தப் பக்கங்களில் நான் மேல்முறையீடு செய்கிறேன்.

ரஞ்சிக் கோப்பை என்றால் என்ன என்று கேட்கும் நண்பர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்காகச் சில சொற்கள். மாநில அணிகள் மோதும் இந்தப் போட்டி 1934இல் தொடங்கியது. அதன் முதல் ஆட்டமே நம் சேப்பாக்கத்தில்தான் நடந்தது. மதராஸ் அணி மைசூர் அணியை ஒரே நாளில் வீழ்த்தியது. அத்தனை பழைய உறவு இருந்தும் நாம் கோப்பையை வென்றது 1954–55, 1987–88 ஆகிய இரண்டு பருவங்களில் மட்டுமே. மும்பையோ 2024இல் வென்றது 42ஆவது முறை. இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால்தான், ஓர் அரையிறுதித் தோல்வி நம்மை ஏன் இத்தனை நாள் உறுத்துகிறது என்பது புரியும்.

இனி அந்தப் பருவத்துக்கு வருவோம். மேடும் பள்ளமுமான மலைப்பாதை அது.

2024 சனவரி முதல் வாரத்தில் வல்சாடில் குஜராத்தைச் சந்தித்தோம். முதல் இன்னிங்சில் 14 ஓட்டங்கள் முன்னிலை பெற்றோம். வெற்றிக்கு 299 தேவை என்ற நிலையில் 187க்குச் சுருண்டு, 111 ஓட்டங்களில் தோற்றோம். அடுத்து அகர்தலாவில் திரிபுராவோடு வெற்றி தோல்வியின்றி ஒரே ஒரு புள்ளி. இரண்டு ஆட்டங்களில் ஒரு புள்ளி என்றால் ரசிகனின் நிலை என்னவாக இருக்கும்? பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தைத் திறக்கவே கை கூசியது.

பிறகு கோயம்புத்தூருக்கு வந்தோம். ரயில்வே அணிக்கு எதிராக ஜெகதீசன் ஆட்டமிழக்காமல் 245 ஓட்டங்கள் குவித்தார். இன்னிங்ஸ், 129 ஓட்டங்கள் வித்தியாசத்தில் வெற்றி. அடுத்துச் சண்டிகருக்கு எதிராக அவரே 321 ஓட்டங்கள் எடுத்தார். அணி 4 விக்கெட் இழப்புக்கு 610. இன்னிங்ஸ், 293 ஓட்டங்கள் வித்தியாசத்தில் வெற்றி. அதன்பின் கோவாவையும் வென்றோம். பதினைந்து நாள்களுக்கு முன் அணியைத் திட்டிக்கொண்டிருந்த அதே வாய்கள், கோப்பையை எந்த அலமாரியில் வைப்பது என்று ஆலோசிக்கத் தொடங்கின.

சேப்பாக்கத்தில் கர்நாடகம் நம்மைத் தரைக்கு இறக்கியது. அவர்கள் 366, நாம் 151. இந்த இடத்தில் பல அணிகள் மனம் உடைந்துபோயிருக்கும். நம்மவர்கள் இரண்டாவது இன்னிங்சில் கர்நாடகத்தை 139க்கு மடக்கினார்கள். 355 ஓட்டங்கள் என்ற மலைபோன்ற இலக்கை நோக்கி நடந்தார்கள். இந்திரஜித் 98இல் ஆட்டமிழந்தார். கடைசியில் 8 விக்கெட் இழப்புக்கு 338. இன்னும் 17 ஓட்டங்கள் எடுத்திருந்தால் வெற்றி; இன்னும் இரண்டு விக்கெட் விழுந்திருந்தால் தோல்வி. இரண்டுக்கும் நடுவே ஆட்டம் முடிந்தது. நமக்குக் கிடைத்தது ஒரே ஒரு புள்ளி.

அந்த ஒரு புள்ளியை வாசகர்கள் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு அதைக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.

கடைசிப் பிரிவு ஆட்டம் சேலத்தில், வாழப்பாடி அருகே உள்ள மைதானத்தில் பஞ்சாபுக்கு எதிராக நடந்தது. அப்போது நான் முதலாண்டு மாணவன். நண்பர்கள் மூவரோடு பேருந்து பிடித்து ஒரு நாள் ஆட்டத்தைப் பார்த்தேன். தொலைக்காட்சியில் இருபது ஓவர் ஆட்டமே பார்த்துப் பழகிய கண்களுக்கு அது வேறு உலகம். ஆடல் பாடல் இல்லை, ஒலிபெருக்கி இல்லை. பந்து மட்டையில் படும் ஓசை தனியாகக் கேட்டது. இந்திரஜித் அடித்த பந்துகளைவிட அவர் ஆடாமல் விட்ட பந்துகளே என்னை அதிகம் கவர்ந்தன. எதை அடிப்பது என்பதை எவரும் கற்றுக்கொள்ளலாம். எதை விடுவது என்பதைக் கற்கத்தான் காலம் பிடிக்கும் போலும். அவர் 187 ஓட்டங்களும் விஜய் சங்கர் 130 ஓட்டங்களும் எடுத்தார்கள். 9 விக்கெட் வித்தியாசத்தில் வென்றோம்.

பிரிவு ஆட்டங்கள் முடிந்தபோது பட்டியலில் தமிழ்நாடு 28 புள்ளிகள். கர்நாடகம் 27 புள்ளிகள்.

இப்போது அந்த ஒரு புள்ளியை எடுங்கள். சேப்பாக்கத்தில் கடைசி இரண்டு விக்கெட்டுகள் விழுந்திருந்தால் அந்தப் புள்ளி நமக்கு இல்லை. கர்நாடகம் நம்மைத் தாண்டியிருக்கும். முதலிடம் பெற்ற நாம் காலிறுதியைக் கோயம்புத்தூரில் ஆடினோம். இரண்டாமிடம் பெற்ற கர்நாடகம் நாகபுரிக்குப் பயணப்பட்டு, விதர்பாவின் மண்ணில் ஆடித் தோற்றது. ஆக, அரையிறுதிக்குச் செல்லும் வழியைத் திறந்துவிட்டது, எவரும் கைதட்டாத ஒரு மாலை நேரத்துப் பிடிவாதம். ஒரு பருவம் எதனால் ஆனது என்று கேட்டால் இதனால்தான் ஆனது என்பேன்.

காலிறுதியில் எதிரே நின்றது நடப்புச் சாம்பியனான சௌராஷ்டிரம். சாய் கிஷோர் முதல் இன்னிங்சில் 5 விக்கெட், இரண்டாவதில் 4 விக்கெட் எடுத்தார். இடையில் மட்டை பிடித்து 60 ஓட்டங்களும் எடுத்தார். இன்னிங்ஸ், 33 ஓட்டங்கள் வித்தியாசத்தில் வென்று, 2016–17க்குப் பிறகு முதன்முறையாக அரையிறுதியில் நுழைந்தோம்.

மும்பையில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். டாஸ் வென்று மட்டை பிடித்தோம். 42 ஓட்டங்களுக்குள் 5 விக்கெட்டுகள் போயின. 146இல் எல்லோரும் ஆட்டமிழந்தார்கள். மும்பை 378. மறுபடி நாம் 162. மூன்றே நாளில் இன்னிங்ஸ், 70 ஓட்டங்கள் வித்தியாசத்தில் தோல்வி. முதல் நாள் காலை ஒன்பது மணிக்கே ஆட்டம் கைநழுவிவிட்டது என்ற பொருளில் பயிற்சியாளர் சுலக்ஷன் குல்கர்னி பத்திரிகையாளர்களிடம் சொன்னார். முதலில் பந்து வீசியிருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. அணித்தலைவரை இப்படிப் பொதுவெளியில் கைவிடலாமா என்று தினேஷ் கார்த்திக் வெளிப்படையாகவே கண்டித்தார். நம் விடுதி வழக்கின் மூலம் இதுதான்.

என் வாதங்களை முன்வைக்கிறேன்.

முதலாவது, டாஸ் ஆட்டத்தை முடித்துவிடவில்லை. 146 ஓட்டங்களைக் கையில் வைத்துக்கொண்டு நம் பந்து வீச்சாளர்கள் மும்பையை 106 ஓட்டங்களுக்கு 7 விக்கெட் என்ற நிலைக்குக் கொண்டுவந்தார்கள். அந்த நேரத்தில் 40 ஓட்டங்கள் பின்தங்கியிருந்தது மும்பை. காலை ஒன்பது மணிக்கே தோற்றுப்போன அணி, மறுநாள் எதிரியை இப்படி நிறுத்த முடியுமா? ஆட்டம் போனது அதன் பிறகு. கடைசி மூன்று விக்கெட்டுகள் சேர்ந்து 272 ஓட்டங்கள் எடுத்தன. ஷர்துல் தாக்கூர் முதல்தர ஆட்டத்தில் தம் முதல் சதத்தை அடித்தார். தனுஷ் கோட்டியன் 89 ஓட்டங்களோடு ஆட்டமிழக்காமல் நின்றார். இதுவும் எதிர்பாராத இடி அல்ல. சில நாள்களுக்கு முன்புதான் பரோடாவுக்கு எதிரான காலிறுதியில், பத்தாவதாகவும் பதினொன்றாவதாகவும் வந்த கோட்டியனும் துஷார் தேஷ்பாண்டேயும் ஆளுக்கொரு சதம் அடித்து, கடைசி விக்கெட்டுக்கு 232 ஓட்டங்கள் சேர்த்திருந்தார்கள். பாம்புக்கு வாலிலும் நஞ்சு உண்டு என்று ஊருக்கே தெரிந்திருந்தது. தலையை அடித்த நாம் வாலை விட்டுவிட்டோம்.

இரண்டாவது, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அன்று காலை ஆடுகளம் வேகப்பந்துக்கு உதவியது உண்மை. ஆனால் இரண்டாவது இன்னிங்சில் நாம் எடுத்தது 162; அதில் இந்திரஜித் ஒருவரே 70. அப்போது எந்த டாஸைக் குறை சொல்வது? நம் பெரிய வெற்றிகள் கோயம்புத்தூரிலும் சேலத்திலும் கிடைத்தன. இரண்டு தோல்விகளும் வல்சாடிலும் மும்பையிலும் நேர்ந்தன. ஜெகதீசன் அந்தப் பருவத்தில் எடுத்த 816 ஓட்டங்களில் 566 ஓட்டங்கள் ரயில்வே, சண்டிகர் ஆகிய இரண்டே ஆட்டங்களில் வந்தவை. திறமை இல்லை என்று யார் சொல்ல முடியும்? அந்தத் திறமை எல்லா மண்ணிலும் ஒரே மாதிரி விளையவில்லை என்பதே குறை. பழக்கப்படாத மண்ணில் விளைச்சல் வேண்டுமானால், முன்கூட்டியே அப்படிப்பட்ட மண்ணில் உழுது பழக வேண்டும். புல் விட்ட ஆடுகளங்களை உள்ளூர்ப் போட்டிகளிலேயே அமைத்து நம் இளைஞர்களை ஆடவைக்க வேண்டும். டாஸைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்வரை இதைப் பற்றிப் பேச நமக்கு நேரம் கிடைக்காது. என் மேல்முறையீட்டின் உயிர்நாடி இதுதான்.

மூன்றாவது, யாரைக் குறை சொல்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். ஒன்பது ஆட்டங்களில் 53 விக்கெட்டுகள் வீழ்த்தி, அந்தப் பருவத்தில் நாட்டிலேயே முதலிடம் பெற்றவர் சாய் கிஷோர். மும்பையின் அந்த 378இல்கூட 99 ஓட்டங்கள் கொடுத்து 6 விக்கெட்டுகள் எடுத்தவர் அவரே. தேரை இழுத்து வந்த தோளைத் தட்டிக்கொடுக்காமல், நிலை சேரவில்லை என்று அதே தோளில் அடிக்கலாமா?

சொந்த மண்ணில் ஆடினால் வெற்றி நிச்சயம் என்றும் எவரும் எண்ணிவிட வேண்டாம். வரலாற்று மாணவன் என்ற முறையில் 1973ஐ நினைவூட்டக் கடமைப்பட்டவன் நான். சேப்பாக்கத்தில் நடந்த இறுதி ஆட்டம் அது. வெங்கட்ராகவனும் வி. வி. குமாரும் நம் அணியில் இருந்தார்கள். பந்து சுழலும் களம். பம்பாயை 151க்கும் 113க்கும் சுருட்டினோம். ஆனால் பம்பாயின் பத்மாகர் ஷிவால்கர் அதே களத்தில் நம்மைச் சுழற்றி எறிந்தார். நாம் எடுத்தவை 80, 61. மூன்றாம் நாளின் முதல் பந்திலேயே ஆட்டம் முடிந்தது. அன்றும் யார் யார் மீதோ பழி விழுந்திருக்கும். ஆனாலும் பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1988இல், அதே சேப்பாக்கத்தில் ரயில்வே அணியை இன்னிங்ஸ் வித்தியாசத்தில் வென்று கோப்பையைத் தூக்கினோம். அன்றைய அணித்தலைவர் எஸ். வாசுதேவன். அவரும் சாய் கிஷோரைப் போல இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் என்பது எனக்குத் தனிப்பட்ட ஆறுதல்.

அதன்பின் 1991–92, 1995–96, 2002–03, 2003–04, 2011–12 என ஐந்து முறை இறுதிவரை சென்று வெறுங்கையோடு திரும்பினோம். 2025 பிப்ரவரியில் காலிறுதியில் விதர்பாவிடம் தோற்றோம். இத்தனை தோல்விகளுக்கும் ஒவ்வொரு பலியாள் தேடிக்கொண்டிருந்தால், கடைசியில் ஆட ஆள் மிஞ்சமாட்டார்கள்.

ரசிகன் அணியைக் குறை சொல்லவே கூடாது என்பதல்ல என் வாதம். குறை சொல்ல உரிமை உண்டு. ஆனால் அந்த உரிமை முழுப் பருவத்தையும் பார்த்தவனுக்கே அழகு. வல்சாடின் தோல்வியும் சேப்பாக்கத்தின் ஒற்றைப் புள்ளியும் அறியாமல், மும்பையின் ஒரு காலைப் பொழுதை மட்டும் செய்தியில் படித்துவிட்டுத் தீர்ப்பெழுதுவது, விடைத்தாளின் கடைசிப் பக்கத்தை மட்டும் திருத்தி மதிப்பெண் போடுவதற்குச் சமம். அப்படித் திருத்தினால் நம்மில் எத்தனை பேர் தேறுவோம் என்பதை நண்பர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

வாழப்பாடியில் அன்று இருக்கைகளைவிட ஆட்கள் குறைவு. தொலைக்காட்சி முன் அணிவகுக்கும் நம் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கு அங்கே வந்திருந்தால், ஆடும் இளைஞர்களுக்கு அது எத்தனை தெம்பாக இருந்திருக்கும்! மாவட்டத்து மைதானங்களுக்கு ரஞ்சி ஆட்டம் வரும் பருவங்களில் போய்ப் பாருங்கள். ஒரு நாள் முழுக்க உட்காருங்கள். மட்டையாளர் எந்தப் பந்தை விடுகிறார் என்று கவனியுங்கள். மாலையில் பேருந்தில் திரும்பும்போது வாதம் செய்யலாம். அந்த வாதத்தில் என்னைத் தோற்கடித்தாலும் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்வேன்.