அவர்கள் சொன்னதை நாமும் சொல்வோம்!

தோழர்களே!

நம் ஆலையின் நிலைமையைப் பத்திரிகையாளர்களிடம் சொன்ன சகதொழிலாளர்களை நிர்வாகம் இடைநீக்கம் செய்திருக்கிறது. உள்விசாரணை என்ற சடங்கை முடித்து, வேலையை விட்டே துரத்தப் பார்க்கிறது. “நிறுவனத்தின் நற்பெயருக்குக் களங்கம் விளைவித்தார்கள்” என்பது குற்றச்சாட்டு.

அப்படி என்ன சொல்லிவிட்டார்கள்? கழிப்பறைக்குப் போகக்கூட கெஞ்ச வேண்டியிருக்கிறது என்றார்கள். ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் வருவதில்லை என்றார்கள். வெக்கை தாங்காமல் ஷெட்டில் மயங்கி விழுகிறார்கள் என்றார்கள். இதில் எது பொய்? கம்பெனி பஸ்ஸில் நாம் தினமும் புலம்புவதைத்தான், கொடுத்த மனுவுக்குப் பதில் வராததால், அவர்கள் ஊரறியச் சொன்னார்கள்.

ஊரறியச் சொன்னதால்தான் மாற்றம் வந்திருக்கிறது. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தார்கள். விடுதிகள் சில தரமாக இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது அதற்குப் பிறகுதான்.

கொரோனா காலத்தில் கிடங்குத் தொழிலாளர்களின் பாதுகாப்புக்காகப் பகிரங்கமாகப் பேசிய எமிலி கன்னிங்ஹாம், மேரன் கோஸ்டா இருவரையும் 2020-ல் அமேசான் நீக்கியது. மறு ஆண்டே இழந்த சம்பளத்தைக் கொடுத்துச் சமரசம் செய்ய நேர்ந்தது. நியூயார்க் ஸ்டேட்டன் ஐலண்ட் கிடங்கில் வெளிநடப்பு நடத்திய கிறிஸ் ஸ்மால்ஸ் அன்றைக்கே நீக்கப்பட்டார். 2022 ஏப்ரலில் அதே கிடங்கில் 2,654 பேர் சங்கம் வேண்டும் என்று வாக்களித்தார்கள்; எதிர்த்தவர்கள் 2,131 பேர். ஒருவரை வெளியே அனுப்பிவிட்டால் மற்றவர்கள் அடங்கிவிடுவார்கள் என்ற கணக்கை அந்தத் தொழிலாளர்கள் பொய்யாக்கினார்கள். நாமும் பொய்யாக்குவோம்!

“அவர்கள் சொன்னது உண்மை, அதையே நானும் சொல்கிறேன்” என்று எழுதி, ஒவ்வொருவரும் பெயரும் டோக்கன் எண்ணும் போட்டுக் கையெழுத்திடுவோம். அது நிர்வாகத்துக்கும் போகட்டும், தொழிலாளர் துறைக்கும் போகட்டும். சிலரை நீக்கலாம், லைன் முழுவதையும் நீக்கிவிட்டு யாரை வைத்து உற்பத்தி செய்வார்கள்?

ஒப்பந்தத் தோழர்களே, பயிற்சியாளர்களே, உங்களை நாளைக்கே வரவேண்டாம் என்று சொல்லிவிட முடியும். அதனால் நிரந்தரத் தொழிலாளர்கள் முதலில் கையெழுத்திடுகிறோம். எங்கள் பெயர்களைப் பார்த்த பிறகு உங்கள் பெயரைச் சேருங்கள்.

இடைநீக்கத்தில் இருக்கும் தோழர்களே, மன்னிப்புக் கடிதம் கேட்டு வீட்டுக்கே ஆள் வரும். எழுதிக் கொடுக்காதீர்கள், வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். விசாரணைக்கு உதவியாகச் சகதொழிலாளி ஒருவரை அழைத்துச் செல்லக் கேளுங்கள். சாட்சி சொல்ல நாங்கள் வருகிறோம். முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம் பிழைப்பூதியமாக வந்தாக வேண்டும். மீதிப் பாதிக்கு நம் நிதி இருக்கிறது. உங்கள் வீட்டில் அடுப்பு அணைய விடமாட்டோம்!

நாளை காலை ஷிப்டுக்கு முன் கேட்டில் கூடுவோம். பேனாவோடு வாருங்கள், பக்கத்து லைன் தோழரையும் அழைத்து வாருங்கள்.

இடைநீக்கத்தை ரத்து செய்!
உண்மை பேசியவர்களைப் பழிவாங்காதே!
தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!