மாட்டுக்கு முதற் காவல் கொட்டிலே; மின்சாரமன்று

பனி பெய்யும் நாடுகளிலே மாரிகாலத்தில் மாட்டுத் தொட்டியின் நீர் உறைந்து கட்டியாகிவிடும். நீர் குடியாத மாடு தீனையும் குறைத்து மெலியும். ஆதலால் அந்நாட்டுக் கமக்காரர் நீர்க்குழாயை நிலத்தினுள் ஆழப் புதைத்து, தொட்டியின் புறத்தையும் சூடு போகாவண்ணம் பொதிந்து வைப்பர். அதன் மேலும் வேண்டியவிடத்தே மின்சூட்டைத் துணைக்குக் கொள்வர். முதலிற் காப்பு, பின்னர் மின்சாரம் என்னும் இவ்வொழுங்கு நமக்கும் ஏற்றது.

நமது தொட்டி நீர் உறைவதில்லை. ஆயினும், குளிரால் நம் மாடுகள் இறவா என்றிருந்த நம்பிக்கை 2022 ஆம் ஆண்டு டிசெம்பரிற் பொய்த்தது. ‘மாண்டஸ்’ புயலை அடுத்து வீசிய குளிர்காற்றினாலும் மழையினாலும் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் சில நாட்களுள் மடிந்தன.

இனி ஒவ்வொரு கொட்டிலிலும் சூடு தரும் மின்குமிழைத் தொங்கவிட்டாற் போதும் எனச் சிலர் கூறுவர். இதனை நான் ஏற்கேன். புயலடிக்கும் இரவிலேதான் மின்கம்பி அறுந்து விழும். அதே 2022 ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் தடைப்பட்டதையும் நாம் மறக்கலாகாது. அன்றியும், நனைந்த தரையும் வைக்கோலும் உள்ளவிடத்தில் செம்மையற்ற கம்பி உயிருக்கும் உடைமைக்கும் கேடாகும்.

மாட்டைக் கொல்வது குளிர் மட்டுமன்று. ஈரமும் காற்றும் அதனோடு சேர்வதேயாம். உலர்ந்த, தடித்த உரோமமுள்ள குளிர்நாட்டு மாடு உறைநிலைக்குக் கீழே 7, 8 பாகை வரை தாங்கவல்லது. அதே மாடு நனைந்துவிடின், 15 பாகை செல்சியசிலேயே உடற்சூட்டைக் காக்க அதற்கு மேலதிகத் தீன் வேண்டும். நம் மாடுகளின் உரோமமோ மெல்லியது. காலபோகத்தில் வயலெல்லாம் பயிராயிருக்க, மாடுகளைக் காட்டோரத்து வெட்டவெளியில் அடைக்கும் வழக்கமும் நம்மிடையே உண்டு. மேய்ச்சலின்றி மெலிந்து, நனைந்து நிற்கும் மாட்டுக்கு எஞ்சிய வலிமை யாது?

ஆதலால் செய்யவேண்டியவை இவை. மேட்டு நிலத்திற் கூரை அமைத்து, வாடைக்காற்று வீசும் பக்கத்தைக் கிடுகாலோ பனையோலையாலோ அடைத்தல் வேண்டும். சிறுபோக வைக்கோலை எரிக்காது, நனையாமற் போராக்கி வைத்தல் வேண்டும். மாடு உண்ட வைக்கோல் அதன் இரைப்பையிற் செரிக்கும்போது உடலுக்குச் சூடு தருகின்றது. கீழே பரப்பிய வைக்கோல் தரையின் குளிரைத் தடுக்கின்றது. குளிர்மழை நாட்களில் அப்பொழுதே இறைத்த கிணற்று நீரைக் குடிக்கக் கொடுங்கள். அது தொட்டியில் தேங்கிய மழைநீரிலும் வெதுவெதுப்பானது.

இவையனைத்தும் செய்தபின், பிறந்த கன்றுக்கும் நோயுற்ற மாட்டுக்கும் மின்குமிழ் நல்ல துணையாகும். அதனை மாட்டுக்கும் வைக்கோலுக்கும் எட்டாத உயரத்திற் கட்டுங்கள். கம்பி வேலையைத் தேர்ந்த மின்வேலையாளரிடமே ஒப்படையுங்கள்.

வைக்கோல் உங்கள் வயலில் விளைவது. கிடுகும் ஓலையும் உங்கள் வளவிற் கிடைப்பவை. மரக்கறித் தோட்டத்துக்கு எருவும் வீட்டுக்குப் பாலும் தரும் மாட்டை, அறுந்துபோகும் ஒரு கம்பியை நம்பி மழையில் விடுவது கமக்காரருக்கு அழகன்று. மாரி தொடங்குமுன் கொட்டிலைச் செப்பனிடுங்கள்.