களவைச் சுட்ட அனுமதி எதற்கு?

ஆய்வேட்டுத் திருட்டைத் தேடிப் பிடிக்கும் தன்னார்வலர்களைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் ‘முகமற்றவர்களின் வேட்டை’ என்ற வசையும் தவறாமல் வந்துவிடுகிறது. வசைபாடுவோரில் எத்தனைபேர் அவர்களது பணியில் ஒரு பக்கத்தையாவது வாசித்திருப்பார்கள்?

2011 பிப்ரவரியில் ஜெர்மனியில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். பாதுகாப்பு அமைச்சர் கார்ல்-தியோடோர் ட்சு குட்டன்பெர்க், பைராய்ட் பல்கலைக்கழகத்தில் சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். அவரது ஆய்வேட்டில் பிறர் எழுத்து இருப்பதை ஒரு சட்டப் பேராசிரியர் கண்டார்; நாளிதழ் வெளியிட்டது. அபத்தமான குற்றச்சாட்டு என்றார் அமைச்சர். உடனே, ஒருவரையொருவர் அறியாத பலர் ‘குட்டன்பிளாக்’ என்ற பெயரில் கூடி, அந்நூலைப் பக்கம் பக்கமாகப் பிரித்து வாசிக்கலானார்கள். நூலின் பத்தி ஒருபுறம், மூலத்தின் பத்தி மறுபுறம், பக்க எண், வரி எண். அவ்வளவுதான் அவர்கள் முறை. (துப்பறியும் கதையின் பரபரப்பை நாடிச் செல்பவர் ஏமாந்துபோவார்; மகா அலுப்பான வாசிப்பு அது.) முன்னுரையின் தொடக்கமே 1997இல் ஒரு நாளிதழில் வந்த இன்னொருவரின் கட்டுரையிலிருந்து எடுத்தது! பிப்ரவரி 23 அன்று பல்கலைக்கழகம் பட்டத்தைப் பறித்தது. மார்ச் 1 அன்று அமைச்சர் பதவி விலகினார். தன்னார்வலர்களின் இறுதிக் கணக்கில் 393 பக்கங்களில் 371 பக்கங்கள் கறைபட்டிருந்தன.

பெயரை மறைத்தவன் ‘என்னை நம்பு’ என்று கேட்டால் துரத்திவிடலாம். ‘ஒப்பிட்டுப் பார்’ என்பவனிடம் பெயர் கேட்பானேன்? இரண்டு பத்திகளை அருகருகே வைத்தபின், வைத்தவர் பேராசிரியரா தபால்காரரா என்பதால் ஓர் எழுத்தும் மாறப்போவதில்லை. கையெழுத்திட்டுப் பொறுப்பேற்றிருந்தவர்கள் இந்த ஆய்வேட்டுக்கு ஆக உயர்ந்த தரத்தை வழங்கிய தேர்வாளர்கள். கேள்வியை அங்கேயல்லவா கேட்க வேண்டும்?

ஆனால் கல்வித்துறையின் பெரியவர்களுக்கு வேறு கவலை. 2013 பிப்ரவரியில், 1980இல் பெற்ற பட்டத்தை டுசல்டார்ப் பல்கலைக்கழகம் பறித்ததால் கல்வி அமைச்சர் அன்னெட் ஷாவானும் பதவி இழந்தார். அதே ஆண்டு ஜெர்மானியப் பல்கலைக்கழகத் தலைவர்களின் மன்றமும் ஆராய்ச்சி நிதியளிக்கும் அமைப்பும், ஐயத்தை எழுப்புகிறவர் அதை ரகசியமாகக் காக்க வேண்டும் என்று விதி வகுத்தன. அச்சிட்டு நூலகத்தில் வைத்த புத்தகத்தைப் பற்றி மூடிய அறையில்தான் பேச வேண்டுமாம்! வெளியிட்ட நூலை வெளியில் விமர்சிப்பது வாசகனின் உரிமை என்பதைப் பேராசிரியர்களுக்கே எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தன்னார்வலர்கள் எல்லோரும் புனிதர்கள் என்று நான் சொல்லவரவில்லை. அடுத்து வந்த ‘வ்ரோனிபிளாக்’ முயற்சியைத் தொடங்கியவரே, பின்னாளில் கட்டணம் வாங்கிக்கொண்டு ஆய்வேடுகளைத் துழாவித் தரும் தொழிலில் இறங்கினார். கூலி கொடுப்பவர் சுட்டும் ஆளை மட்டும் தேடுவது வேறு வகைப் பிழைப்பு. எழுதியவரின் நோக்கத்தையும் இரு பத்திகள் காட்டிக்கொடுக்காது. உர்சுலா ஃபொன் டேர் லையனின் மருத்துவ ஆய்வேட்டில் களவு உண்டு, ஏமாற்றும் நோக்கம் இல்லை என்று கூறி 2016இல் ஹனோவர் மருத்துவப் பல்கலைக்கழகம் பட்டத்தை விட்டுவைத்தது. எனக்கு அத்தீர்ப்பு உவப்பானதல்ல; ஆயினும் தீர்ப்பு வழங்குவது அவர்கள் வேலை. ஆதாரம் எல்லோர் கண்ணுக்கும் கிடக்கும்வரை தீர்ப்பையும் எடைபோடலாம்.

பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகம் 2019இல் அமைச்சர் பிரான்சிஸ்கா கிஃபையை வெறும் கண்டனத்தோடு விட்டது. விமர்சனம் அடங்கவில்லை. மறுபடி விசாரித்து, 2021 ஜூனில் பட்டத்தைப் பறித்தது. இடையில் ஆய்வேட்டில் ஒரு வரியும் மாறியிருக்கவில்லை.