பழைய வண்டியும் பட்டறைக் கையும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., இயற்பியல்)

எங்கள் மம்சாபுரத்தில் என் பாட்டி இன்றும் காரைக் கார் என்று சொல்வதில்லை. 'பிளசர்' என்றுதான் சொல்வார். அவர் காலத்தில் ஊருக்குள் பிளசர் வந்தால் ஒன்று கல்யாணம், இல்லையேல் ஆஸ்பத்திரி. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தோ இராஜபாளையத்திலிருந்தோ வாடகைக்கு வரும் அந்த வண்டி பெரும்பாலும் அம்பாசிடராகவே இருக்கும். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரைத் தழுவி, மேற்கு வங்கத்து உத்தரபாராவில் செய்யப்பட்ட அந்த வண்டியின் உற்பத்தி 2014ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. சென்னையை அடுத்த வண்டலூரில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு அதற்கு வெகு முன்பே மறைந்துவிட்டது.

பழையது போவதும் புதியது வருவதும் உலக வழக்கம். அதை எண்ணிக் கண்ணீர் வடிக்க நான் இக்கட்டுரையை எழுதவில்லை. பழைய வண்டிகளை நேசிப்போர் இன்று நாடெங்கும் சங்கம் அமைத்துக் கூடுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் யாருக்கெல்லாம் இடம் உண்டு என்பதே என் கேள்வி.

என் தந்தை ஒரு மெக்கானிக். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு ஸ்பேனரைக் கையில் எடுத்தவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். "இந்தக் கிரீஸ் என்னோட போகட்டும், நீ படிக்கிற வேலையைப் பாரு" என்று சொல்லி என்னைப் பட்டறைக்குள் அதிகம் விடமாட்டார்.

அவர் ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியைச் சரிபார்ப்பது ஓர் ஒடிந்த ஆக்ஸா பிளேடுத் துண்டைக் கொண்டுதான். முதலாண்டு ஆய்வகத்தில் திருகு அளவி என் கைக்கு வந்தபோது, அத்துண்டை எடுத்துப் போய் அளந்து பார்த்தேன். 0.64 மில்லிமீட்டர். அம்பாசிடரின் பெட்ரோல் எஞ்சினுக்கு வேண்டிய இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் 25 பங்கு. அதாவது ஏறத்தாழ 0.63 மில்லிமீட்டர்! வியப்போடு வீட்டில் வந்து சொன்னேன். தந்தை சிரித்தார். "அது எங்க வாத்தியார் எனக்குக் குடுத்த துண்டுப்பா" என்றார். அவருக்கும் ஒரு வாத்தியார் இருந்திருக்கிறார் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. எழுதாத பாடம் ஒன்று கைமாறிக் கைமாறி வந்திருக்கிறது. அது என் தந்தையோடு நின்றுவிடுமோ என்ற அச்சம் அன்று பிறந்தது.

மற்றொரு நிகழ்ச்சி. சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் தம் பழைய காரைத் தந்தையிடம் ஒப்படைத்தார். மூன்று மாதம் இராப்பகலாக உழைத்து அதை ஓடச் செய்தார் தந்தை. அந்த வண்டி ஒரு நகரத்துக் கண்காட்சிக்குச் சென்று கேடயத்தோடு திரும்பியது. மேடையில் வண்டியின் பெயரைச் சொன்னார்கள். உரிமையாளர் பெயரைச் சொன்னார்கள். பழுது பார்த்த கையை யாரும் நினைக்கவில்லை. தந்தை வருந்தியதாகத் தெரியவில்லை. "வழியில எஞ்சின் சூடாகலையே?" என்று மட்டும் கேட்டார். வருத்தம் எனக்குத்தான்.

பழைய வண்டி ஊர்வலங்களை நான் குறை கூறவில்லை. 1964இல் தில்லியில் ஸ்டேட்ஸ்மன் நாளிதழ் தொடங்கிய ஊர்வலம் போன்றவை இல்லையென்றால் எத்தனையோ அரிய கார்கள் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும். ஆயினும் மன்னர்களின் கார்களும் செல்வந்தர்களின் கார்களும் அணிவகுக்க, மற்றவர்கள் கயிற்றுக்கு இப்பால் நின்று கைதட்டினால் அது வேடிக்கையே தவிரச் சமூகம் ஆகாது.

சமூகம் எப்படிப் பிறக்கும் என்பதற்கு ஜாவா, எஸ்டி மோட்டார் சைக்கிள்களே சான்று. மைசூர் ஐடியல் ஜாவா ஆலையில் 1961 முதல் உருவான அவ்வண்டிகள் 1996இல் ஆலை மூடப்பட்டதும் அனாதையாயின. உதிரி பாகம் கிடைக்காத நிலையில் ஒருவரை ஒருவர் தேடிப் பிடித்தார்கள். ஒருவரிடம் கேபிள், இன்னொருவரிடம் பிஸ்டன், மூன்றாமவரிடம் வழி தெரிந்த மெக்கானிக் என்று தேவையே அவர்களைச் சேர்த்து வைத்தது. இன்று ஆண்டுதோறும் ஜூலை இரண்டாம் ஞாயிறன்று பல ஊர்களில் அவர்கள் கூடுகிறார்கள். 2018இல் ஜாவாவும் 2022இல் எஸ்டியும் புதுவடிவில் மீண்டும் விற்பனைக்கு வந்ததற்கு, பெயரை மறவாத இந்த அன்பும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன்.

நம் தமிழகத்திற்கே வருவோம். கோவை ஜி.டி. நாயுடு பள்ளிப் படிப்பை முடிக்காதவர். ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கி, உணவு விடுதியில் வேலை செய்து பணம் சேர்த்து அதை வாங்கினார். வாங்கியதும் அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி மீண்டும் பூட்டினார். அவரே 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டினார். கோவை அவிநாசி சாலையில் அவர் குடும்பத்தார் 2015இல் திறந்த கார் அருங்காட்சியகத்தின் வேர், அன்று கழற்றிப் பூட்டிய அந்தக் கைகளில் இருக்கிறது அன்றோ?

"பழைய வண்டி புகை கக்கும், அது எதற்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2021 ஜூலையில் மத்திய அரசு வகுத்த விதிகளின்படி, 50 ஆண்டு கடந்து மூல வடிவம் மாறாத வண்டிகளைத் தனிவகையாகப் பதியலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். கண்காட்சி, ஊர்வலம், ஆராய்ச்சி, பராமரிப்பு போன்றவற்றிற்கு அன்றி அன்றாடப் போக்குவரத்துக்கு அவற்றை ஓட்டக்கூடாது. இது சரியான ஏற்பாடே. ஆனால் வண்டிக்குப் பாதுகாப்புத் தர விதி இருக்கிறது. அதை ஓட வைக்கும் அறிவுக்கு என்ன பாதுகாப்பு? காரை ஷெட்டில் பூட்டி வைக்கலாம். கார்புரேட்டரின் ஒலியைக் கேட்டே குறை சொல்லும் காதை எங்கே பூட்டி வைப்பது?

ஆகவே நான் வேண்டுவது இதுதான். ஆண்டுக்கு ஒருநாள் நம் கல்லூரி மைதானத்தில் சுற்றுவட்டாரப் பழைய வண்டிகள் கூடட்டும். அம்பாசிடர் மட்டுமல்ல, புல்லட்டும் லாம்பிரெட்டாவும், நம் தந்தையரைச் சுமந்த டி.வி.எஸ். 50-ம் வரட்டும். ஒவ்வொரு வண்டியின் முன்னும் இரண்டு பெயர்கள் இருக்கட்டும்: ஒன்று உரிமையாளர் பெயர், மற்றொன்று மெக்கானிக் பெயர். இயற்பியல் மாணவர் அவர்களுடைய அளவுகளைக் குறித்துக்கொள்ளட்டும். வேதியியல் மாணவர் துருவைப் பற்றிக் கேட்கட்டும். தமிழ் மாணவர் பட்டறைச் சொற்களைத் தொகுக்கட்டும். இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. ஒரு நோட்டும் பேனாவும், கைகட்டிக் கேட்கும் பணிவும் போதும்.

ஆடிப்பூரத் தேரோட்டம் காணும் ஸ்ரீவில்லிபுத்தூர் மண் நம்முடையது. ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும் என்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. என் தந்தை என்னைப் பட்டறைக்குள் விடமாட்டார். ஆனால் அந்தப் பிளேடுத் துண்டைக் கேட்டால் தருவார் என்றே நம்புகிறேன். பட்டம் பெறும் நாளில் எனக்கு அது போதும்.

முயல்வோமா, நண்பர்களே?