இறுக்கமான துரையே நல்ல துரையா?

ஊவா மாகாணத்தின் பதுளை, பசறை, ஹாலிஎல, அப்புத்தளை வட்டாரத் தேயிலைத் தோட்டங்களில் புதிதாகப் பதவியேற்கும் சின்னத்துரைக்கு, அதாவது பெரியதுரை எனப்படும் தோட்ட அத்தியட்சகரின் கீழ் ஒரு பிரிவை நடத்தும் உதவி முகாமையாளருக்கு, எவரும் எழுதிக் கொடுக்காமலே ஓர் அறிவுரை வந்து சேர்கிறது: முதல் மாதத்திலேயே இறுக்கிப் பிடிக்காவிட்டால் ஆட்கள் தலைக்கு மேல் ஏறிவிடுவார்கள். மூத்த முகாமையாளர்கள் மட்டுமல்லர், கணக்கப்பிள்ளையும் கங்காணியும் இதையே சொல்கிறார்கள். பயம் இருந்த காலத்தில்தான் வேலை நடந்தது என்று ஓய்வுபெற்ற தொழிலாளர் சிலருங்கூட ஒத்துக்கொள்கிறார்கள். இத்தனை பேர் சொல்வதாலேயே இந்நம்பிக்கை அனுபவத்தில் விளைந்த உண்மைபோலத் தோன்றுகிறது. ஆனால் அது தலைமைத்துவம் பற்றிய அறிவே அன்று. ஆட்களைக் கட்டிவைத்து வேலை வாங்கிய ஒரு முறையின் எச்சம்.

அந்தக் காலத்தில் வேலை நடந்தது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஏன் நடந்தது என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி. 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் தொழிலாளர் கட்டளைச் சட்டத்தின்படி முன்னறிவித்தல் இன்றி வேலையை விட்டு நீங்குவது சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. அதற்கு மேல் ‘துண்டு’ என்ற முறையும் இருந்தது: கங்காணியும் அவர் கீழுள்ள ஆட்களும் பட்ட கடன் இவ்வளவு, அதைக் கட்டுபவரிடம் இவர்கள் விடுவிக்கப்படுவார்கள் என்று துரை எழுதிக் கொடுக்கும் அந்தச் சீட்டு 1921 இல் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை, ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஆட்களோடு அவர்களுடைய கடனும் கைமாறியது. போக வழியற்றவர் கீழ்ப்படிந்ததைத் துரையின் ஆளுமைக்கு வரவு வைத்த தவறுதான் இன்றும் தொடர்கிறது. இன்று லயத்து, அதாவது தோட்டத்து வரிசைக் குடியிருப்பு, இளைஞர் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போகிறார்கள். வெறுத்துப்போனவர் எதிர்த்துப் பேசுவதில்லை, மறுநாள் பிரட்டுக்களத்திற்கு, அதாவது காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்திற்கு, வருவதில்லை.

புதிய துரைமாருக்கான அக்காலத்துப் பயிற்சியின் தன்மையை அவர்களுக்கென்று கொழும்பில் அச்சான கையேடே காட்டும். 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெளிவந்த, சின்னத்துரைக்கான அச்சட்டைப்பைத் தமிழ் வழிகாட்டியின் பெயர் ‘இங்கே வா’. ஏவுவதற்கு வேண்டிய அளவுக்கு மொழி தெரிந்தால் போதும், கேட்பதற்குத் தேவையில்லை என்ற எண்ணத்தின் மேல் ஒரு பதவி கட்டப்பட்டது. பதுளையிலேயே 2005 முதல் இயங்கும் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் தேயிலைத் தொழில்நுட்பத்தில் பட்டப்படிப்பு நடத்தும் இக்காலத்திலும், இலையைப் பற்றிய அறிவு விரிவுரை மண்டபத்திலிருந்தும், ஆட்களை நடத்தும் அறிவு பங்களாப் பேச்சிலிருந்தும் வருவது வருந்தத்தக்கது.

அச்சத்தால் வேலை நடக்கும் என்போர் கொழுந்தையே கவனித்துப் பார்க்கட்டும். ஊவாத் தேயிலையின் பெயர் ஜூலை முதல் செப்டெம்பர் வரையான பருவத்தில் நிற்கிறது; மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு வரும் கச்சான் காற்று உலர்ந்து வீச, துளிர் மெதுவாக வளர்ந்து இப்பகுதிக்கே உரிய மணத்தைப் பெறுகிறது. அப்பருவத்தில் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பார்த்துக் கிள்ளும் கை வேண்டும். கிலோ குறைந்தால் ‘அரைப்பேர்’, அதாவது அரைநாட் சம்பளம், என்று மிரட்டப்படும் பெண், முற்றிய இலையையும் சேர்த்துக் கூடையை நிரப்புவார். அவரைக் குறை சொல்ல இடமில்லை, கேட்கப்பட்டது எடைதான், எடை வந்துவிட்டது. எந்த மலையில் கொழுந்து எடுபடும் நிலைக்கு வந்துவிட்டது, எங்கே இரண்டு நாள் பொறுக்கலாம் என்பதும் நிரைபிடித்து நிற்கும் அப்பெண்களுக்கே முதலில் தெரியும். அஞ்சுகிறவர் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் கழிக்கப்படும் கிலோக்கள் நியாயமானவையா என்ற கேள்விக்கு ஒரு சின்னத்துரை தராசின் அருகில் நின்று விடை சொல்வாரானால், ஓராண்டு அதட்டலால் கிடைக்காத நம்பிக்கை அங்கே கிடைக்கும்.

கலந்து பேசத் தொடங்கினால் தொழிற்சங்கத் தலைவர்மார் தோட்டத்தையே நடத்தத் தொடங்குவார்கள் என்பது எதிர்த்தரப்பின் வலிமையான வாதம். இதற்குப் பதுளை மண்ணிலேயே ஒரு முன்னுதாரணம் உண்டு. 1940 இல் ஊவாத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் பரவியபோது, பதுளைக்கு அருகிலுள்ள வேவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் தமக்கென ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தனர். அச்சபையைக் கலந்தே நடப்பதாக அத்தோட்டத்து அத்தியட்சகர் உடன்பட்டார். அவர் உடன்பட்டது பெருந்தன்மையால் அன்று, போராட்டத்தின் அழுத்தத்தால் என்பது தெளிவு. ஆயினும் அந்த ஏற்பாடு தன் குறையால் முறிந்தது என்று சொல்ல வரலாறு இடந்தரவில்லை. அந்த அலையைப் பொலிஸ் அடக்குமுறையும், ஊவாவை நாட்டின் பிற பகுதிகளிலிருந்து துண்டித்த வெள்ளமும் சேர்ந்தே ஓயச்செய்தன. கலந்து பேசுவது என்பது முடிவெடுக்கும் பொறுப்பைக் கைவிடுவதும் அன்று. கவ்வாத்து, அதாவது தேயிலையை வெட்டிவிடும் வேலை, எந்த மலையில் எப்போது என்பதை முடிவுசெய்ய வேண்டியவர் முகாமையாளரே. ஆனால் காரணத்தைச் சொல்லி, மறுப்பைக் கேட்டு, எல்லாருக்கும் ஒரே அளவுகோலை வைப்பவரின் முடிவு மலையில் நிற்கும், அதட்டியவரின் முடிவு அவர் முதுகு திரும்பும்வரைதான் நிற்கும்.

புதியவர்கள் இளமையால் தவறுகிறார்கள் என்பதைவிட, அவர்களை அளக்கும் கோல் தவறானது என்பதே பொருந்தும். 1992 இல் தோட்டங்களின் நிர்வாகத்தைப் பொறுப்பேற்ற கம்பனிகள் ஒரு சின்னத்துரையைப் பதவியில் உறுதிசெய்யும்போது விளைச்சற் கணக்கோடு வேறு கணக்குகளையும் கேட்க வேண்டும்: அவருடைய பிரிவில் எத்தனை பேர் பெயர்ப்பதிவிலிருந்து விலகிப் போனார்கள், மடுவத்து முறைப்பாடுகள் எத்தனை தீர்க்கப்பட்டன, கொழுந்தெடுக்கும் பெண்களில் எத்தனை பேர் கங்காணி வேலைக்கு உயர்த்தப்பட்டார்கள், தொழிலாளர் தமிழில் சொல்லும் ஒரு குறையை இடையில் ஆளின்றி அவரால் கேட்டு விளங்கிக்கொள்ள முடிகிறதா.