அம்மி அரைத்த கைக்கு டாக்கோ அந்நியமல்ல

பெண்ணாடத்துச் சாப்பாட்டுக் கடைகளில் இட்லி கிடைக்கும், பரோட்டா கிடைக்கும், பிரியாணி கிடைக்கும். டாக்கோ கிடைக்காது. ஆனால், சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள், ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவை ஒருநாள் மெக்சிகன் ஹோட்டலுக்கு அழைத்துப் போவது இப்போது சகஜமாகிவிட்டது. மெனு கார்டைத் திறந்தால் புர்ரிட்டோ, கேசடியா, என்சிலாடா என்று வாயில் நுழையாத பெயர்கள். 'நமக்கு எதுக்குப்பா இதெல்லாம், தயிர் சாதம் இருந்தா சொல்லு' என்று பெரியவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள்.

ஒதுங்க வேண்டியதே இல்லை. தட்டில் வரப்போவது பாதிக்கு மேல் அவர்களுக்குத் தெரிந்த பொருட்கள்தான். மிளகாய், தக்காளி, மக்காச்சோளம் மூன்றுமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. மிளகாயை 16-ம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர்கள் இங்கே கொண்டுவந்தார்கள். அதற்கு முன்பு நம் சமையலில் காரத்துக்கு மிளகுதான். மிளகாய் இல்லாத சாம்பாரையும் தக்காளி இல்லாத ரசத்தையும் இன்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அந்த அளவுக்கு மெக்சிகோ நம் அடுப்பங்கரையில் ஏற்கெனவே குடியேறிவிட்டது.

சோளமும் சுண்ணாம்பும்

நமக்கு அரிசி எப்படியோ, மெக்சிகோவுக்கு மக்காச்சோளம் அப்படி. சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன்பு, அங்கே தானாக வளர்ந்த ஒரு புல்லிலிருந்து உழவர்கள் உருவாக்கிய பயிர் அது. பெண்ணாடத்தைச் சுற்றியுள்ள நல்லூர், மங்களூர் வட்டாரங்களிலும் மக்காச்சோளம் விளைகிறது. ஆனால், அதில் பெரும்பகுதி கோழித் தீவனத்துக்குப் போய்விடுகிறது.

மெக்சிகோவில் அந்தச் சோளத்தை அப்படியே மாவாக்குவதில்லை. சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறப்போட்டு, மறுநாள் தோலைக் கழுவிவிட்டு அரைக்கிறார்கள். அரைக்கும் கல்லும் குழவியும் நம் அம்மியின் அக்கா தங்கை மாதிரி இருக்கும். அந்த மாவை வட்டமாகத் தட்டி, கல்லில் போட்டு எடுத்தால் டார்ட்டியா. அந்தக் காலத்தில் அந்தக் கல்லும் சுட்ட மண்ணால் ஆனதுதான்.

சுண்ணாம்பு வெறும் பக்குவத்துக்காக அல்ல. சோளத்தில் உள்ள நியாசின் என்ற வைட்டமினை உடல் எடுத்துக்கொள்ள உதவுவதே அதுதான். சோளத்தை மட்டும் எடுத்துப்போன ஐரோப்பா, இந்தச் சுண்ணாம்பு வித்தையை எடுத்துப்போகவில்லை. விளைவு, ஸ்பெயினிலும் இத்தாலியிலும், பிறகு அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகள் 'பெல்லாக்ரா' என்ற நோய்க்கு ஆளானார்கள். தோல் வெடித்து, வயிறு கெட்டு, புத்தி தடுமாறி, பல்லாயிரம் பேர் இறந்தார்கள். நியாசின் குறைவுதான் காரணம் என்பது 1937-ல்தான் தெளிவானது. மெக்சிகோவின் பாட்டிகள் காரணம் தெரியாமலே அதற்கு மருந்தைக் கையில் வைத்திருந்தார்கள்.

பெயரைக் கண்டு மிரள வேண்டாம்

டார்ட்டியாவை மடித்து உள்ளே காய் அல்லது கறி வைத்தால் டாக்கோ. சீஸ் வைத்து மடித்துச் சுட்டால் கேசடியா. சுருட்டி மேலே மிளகாய்க் குழம்பு ஊற்றினால் என்சிலாடா. கோதுமை டார்ட்டியாவில் பெரிதாகச் சுருட்டினால் புர்ரிட்டோ. சல்சா என்பது தக்காளி, வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லித் தழை சேர்ந்த சட்னி. தாளிப்பு மட்டும்தான் இல்லை. குவாக்கமோலே என்பது பட்டர் ஃப்ரூட்டை மசித்து, எலுமிச்சை பிழிந்தது.

ரொட்டி கேசடியா பிறந்த கதை

'இங்கே கிடைப்பது ஒரிஜினல் மெக்சிகன் இல்லை, நம்ம ஊருக்காக மாத்திட்டாங்க' என்று சிலர் குறை சொல்வார்கள். அவர்கள் கலிபோர்னியாவின் யூபா சிட்டியைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நூறு ஆண்டுகளுக்கு முன்பு பஞ்சாபிலிருந்து அங்கே பண்ணை வேலைக்குப் போன ஆண்களால், அமெரிக்கக் குடியேற்றச் சட்டங்களால் ஊரிலிருந்து மனைவியை அழைத்துவர முடியவில்லை. நிலமும் கடினம், தனிமையும் கடினம். நூற்றுக்கணக்கானவர்கள் மெக்சிகோ பெண்களைத் திருமணம் செய்துகொண்டார்கள். ரொட்டியும் டார்ட்டியாவும் ஒரே அடுப்பில் வெந்தன. அப்படி ஒரு தம்பதி, குலாம் ரசூலும் இனெஸ் அகிரே ரசூலும், 1954-ல் யூபா சிட்டியில் 'எல் ராஞ்செரோ' என்ற உணவகத்தைத் தொடங்கினார்கள். அங்கே புகழ்பெற்ற பண்டம் ரொட்டி கேசடியா. பரோட்டா மாதிரி தேய்த்த ரொட்டிக்குள் சீஸ், வெங்காயம், மாட்டுக்கறி வைத்து மடித்தது. 1993 வரை அந்தக் கடை நடந்தது. யாரும் அதைப் போலி என்று சொல்லவில்லை. ஒரு குடும்பத்தின் வாழ்க்கைதான் அந்தத் தட்டில் இருந்தது.

சென்னையிலும் முன்னோடி உண்டு. 'ஹாட் பிரெட்ஸ்' எம். மகாதேவன், கதீட்ரல் சாலையில் 'டான் பெப்பே' என்ற டெக்ஸ்-மெக்ஸ் உணவகத்தை நடத்தினார். அமெரிக்கச் சங்கிலிக் கடையான டாக்கோ பெல் இந்தியாவில் முதல் கிளையைத் திறந்ததோ 2010-ல், பெங்களூரில். அதே டாக்கோ பெல் மெக்சிகோவில் இரண்டு முறை கடை போட்டு, இரண்டு முறையும் மூட்டை கட்டியது தனிக்கதை!

கேட்டுச் சாப்பிடலாம்

உள்ளூர்க்காரர் நடத்தும் கடையில் ஒரு சௌகரியம், கல்லாவில் இருப்பவரே சமையலறைக்கும் பதில் சொல்வார். தயங்காமல் கேட்க வேண்டியவை சில உண்டு.

* பீன்ஸ் மசியலைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவது அங்கத்திய வழக்கம். சைவக் குடும்பங்கள் எந்த எண்ணெய் என்று கேட்டுக்கொள்வது நல்லது. சாதத்தைக் கோழி வேகவைத்த நீரில் சமைப்பதும் உண்டு.

* டார்ட்டியா சோளமா, கோதுமையா, மைதாவா என்று விசாரிக்கலாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது முக்கியம்.

* ஆளுக்கொரு புர்ரிட்டோ வேண்டாம். ஒன்றே வயிற்றை நிரப்பிவிடும். முதலில் டாக்கோ வாங்கிப் பகிர்ந்து, பிடித்ததை மறுபடி சொல்லலாம்.

* ஸ்பூனைத் தேட வேண்டாம். டாக்கோவைக் கையால்தான் சாப்பிட வேண்டும். அந்த விஷயத்தில் பேரப்பிள்ளைகளைவிடத் தாத்தா பாட்டிக்குத்தான் அனுபவம் அதிகம்.